அரை கிராம் மிச்சமும் ஒரு கிளைடர் நஷ்டமும்

ராக்கெட் என்றதும் நெருப்பும் புகையும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ராக்கெட்டாக மேலே போய், விமானம் போல மிதந்து கீழே வரும் ஒரு வகை மாதிரியும் உண்டு. அதன் பெயர் ராக்கெட் கிளைடர். பால்சா மரத்தால் செய்த சிறிய போட்டிக் கிளைடர் ஒன்றின் எடை சில பத்து கிராம்கள்தான். கண் இமைக்கும் நேரத்தில் மேலே பாய்கிறது. மோட்டார் அணைந்ததும் சத்தமே இல்லாமல் பருந்து போல வட்டமிட்டு இறங்குகிறது. எவருடைய கிளைடர் அதிக நேரம் வானில் நிற்கிறதோ அவருக்கு வெற்றி.

போட்டி இவ்வளவு எளிமையாக இருப்பதால் புதிதாக வருபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையும் எளிமையானது: "லேசாகக் கட்டு." இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் எத்தனையோ கிளைடர்கள் ஏவிய அடுத்த நொடியே வானில் இறக்கை ஒடிந்து விழுகின்றன. இன்னும் சில நன்றாகப் பறந்து, திரும்பி வராமலே போய்விடுகின்றன. எடையைக் குறைக்கக் கற்பவர் எதை நீக்கவே கூடாது என்பதை முதலில் கற்க வேண்டும்.

செருப்புக் கடையில் தொடங்கிய கதை

மாதிரி ராக்கெட் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், 1954-ல் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார். அவர் வாணவேடிக்கையில் ஆர்வம் உள்ளவர். அவருடைய சகோதரர் மாதிரி விமானப் பிரியர். இரண்டும் சேர்ந்தபோது காகிதக் குழாயும் பால்சாவும் கொண்டு செய்த, திரும்பத் திரும்ப ஏவக்கூடிய ராக்கெட் பிறந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் உலோகக் குழாய்களில் ரசாயனங்களை அடைத்து ராக்கெட் விட முயன்று விரலையும் கண்ணையும் இழந்து கொண்டிருந்தார்கள். வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பற்றி 1957-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டில் தேசிய ராக்கெட்டரி சங்கம் உருவானது. தொழிற்சாலையில் செய்த, ஒருமுறை மட்டும் எரியும் காகிதக் கூட்டு மோட்டார். உலோகத்துக்குப் பதில் மரமும் காகிதமும். திரிக்குப் பதில் தூரத்தில் நின்று மின்சாரத்தால் பற்றவைப்பது. இந்த மூன்று பழக்கங்களும் அப்போது வேரூன்றியவை.

1960-களின் தொடக்கத்தில் இறக்கை வைத்த மாதிரிகள் வந்தன. 1972-ல் யூகோஸ்லாவியாவின் வ்ர்ஷாட்ஸ் நகரில் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்தது. ஆக, இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு வயதும் விதிகளும் உள்ள விளையாட்டு.

கழற்றி எறிவதா, சுமந்து வருவதா?

இறக்கை வைத்த மாதிரிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பூஸ்ட் கிளைடர். இதில் மோட்டார் ஒரு தனிக் கூட்டில் இருக்கும். மோட்டார் எரிந்து முடிந்ததும் அதன் முன்பக்கம் உள்ள சிறு வெடிப்பு அந்தக் கூட்டைப் பிய்த்துத் தள்ளிவிடும். கூடு ஒரு நாடாவோடு தனியாக இறங்கும். பாரம் குறைந்த கிளைடர் தன் பாட்டுக்கு மிதக்கும். (சில சமயம் அந்த நாடா கிளைடரின் வாலில் சிக்கி இரண்டும் சேர்ந்து சுழன்று விழும். அமெரிக்கர்கள் இதற்கு 'ரெட் பேரன்' என்று ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்!)

இரண்டாவது வகைதான் ராக்கெட் கிளைடர். இதில் எதையும் கழற்றி எறியக் கூடாது. எரிந்து முடிந்த மோட்டார் கூடு உட்பட, ஏறியதெல்லாம் ஒன்றாகவே இறங்க வேண்டும். பூஸ்ட் கிளைடரை விட இது கடினம். ஆனால் ஒரு மாணவர் கற்றுக்கொள்ள எது நல்லது என்று கேட்டால், ஒன்றிரண்டு பூஸ்ட் கிளைடர் கட்டிக் கை பழகிய பிறகு ராக்கெட் கிளைடருக்கு வந்துவிடுவதே நல்லது. பிரச்சினையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பறப்பது ஒரு கெட்டிக்காரத்தனம். பிரச்சினையைச் சுமந்துகொண்டே பறப்பதுதான் பொறியியல்.

நூறு மடங்கு தூக்குவிசை

ராக்கெட் கிளைடரின் அடிப்படைச் சிக்கல் ஒரே வரியில் அடங்கிவிடும்: ஏறும்போது அதன் வேகமும் இறங்கும்போது அதன் வேகமும் ஒன்றல்ல.

மிதக்கும்போது விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் எரியும்போது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். வேகம் 10 மடங்கு. இறக்கையின் தூக்குவிசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடுவது. அப்படியானால் அதே கோணத்தில் இருக்கும் அதே இறக்கை 100 மடங்கு விசையோடு மேலே இழுக்கும். அழகாக மிதக்கும்படி சரிசெய்த கிளைடரில் அப்படியே மோட்டாரை மாட்டி ஏவினால், அது செங்குத்தாக ஏறாது. வானில் ஒரு வட்டம் அடித்துத் தரையில் குத்தும். அல்லது இறக்கை ஒடியும்.

எனவே ஏறும்போது ஒரு வடிவம், இறங்கும்போது வேறு வடிவம் தேவை. இதற்குப் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏறும்போது இறக்கையைப் பின்னால் மடித்து வைத்து, பிறகு விரிப்பது ஒரு வழி. இறக்கை முழுவதையும் நடுத்தண்டின் மேல் பின்பக்கமாக நகர்த்தி வைத்து, மோட்டார் அணைந்ததும் ரப்பர் பேண்டால் முன்னே இழுப்பது இன்னொரு வழி. இறக்கையின் வெளிப்பாதியை உள்பாதியோடு மடித்து வைப்பதும் உண்டு. மூன்றிலும் சூட்சுமம் ஒன்றுதான். ஏறும்போது எடை மையம் இறக்கைக்கு நன்றாக முன்னால் இருந்தால் மாதிரி அம்பு போல நேராகப் போகும். இறங்கும்போது இறக்கை தன் இடத்துக்கு வந்துவிட்டால் அது பறவையாகிவிடும்.

இந்த மாற்றத்தை நடத்துவது பெரும்பாலும் ஒரு நூல். இறக்கையைக் கட்டி வைத்திருக்கும் அந்த நூலை மோட்டாரின் கடைசிச் சிறு வெடிப்பு எரித்துவிடும். ரப்பர் பேண்ட் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நூலும் ரப்பர் பேண்டும் கொக்கியும் சேர்ந்து ஒரு கிராம் கூட வராது. அந்த எடையில் கஞ்சத்தனம் பார்த்து மெல்லிய நூலைப் போட்டால், முழு வேகத்தில் இருக்கும்போதே நூல் அறுந்து இறக்கை விரிந்துவிடும். பிறகு பொறுக்குவதற்குச் சிராய்கள்தான் மிஞ்சும்.

பெரிய விமானங்களுக்கும் இந்த விதி பொருந்தும். 2014 அக்டோபர் 31 அன்று ஸ்பேஸ்ஷிப்டூ என்ற ராக்கெட் விமானம் சோதனைப் பறத்தலின்போது கலிஃபோர்னியா பாலைவனத்தின் மேலே சிதறியது. பூமிக்குத் திரும்பும்போது வாலை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாட்டின் பூட்டு, ஏறும்போதே, திறக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே திறக்கப்பட்டுவிட்டது. இரண்டு விமானிகளில் ஒருவர் உயிரிழந்தார். வடிவம் மாறும் எந்தப் பறக்கும் பொருளிலும், தவறான நொடியில் மாறாதபடி பிடித்து வைக்கும் பாகம்தான் முதல் பாகம். அதில் எடை குறைப்பது சிக்கனம் ஆகாது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை

அப்படியானால் எடையை எங்கேதான் குறைப்பது? மரக்கடையில்! கத்தியை எடுப்பதற்கு முன்பே.

பால்சா பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. வேகமாக வளரும் மரம். ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். 1947-ல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலைக் கடந்த கோன்-டிகி தெப்பமும் இந்த மரத்தால் ஆனதே. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்தின் உடலிலும், இன்றைய காற்றாலை இறக்கைகளின் உள்ளேயும் பால்சா உண்டு.

இந்த மரத்தின் விசித்திரம் என்னவென்றால், ஒரே அளவுள்ள இரண்டு பலகைகள் எடையில் இரண்டு மடங்கு வேறுபடும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.08 கிராம் உள்ள பலகையும் கிடைக்கும், 0.16 கிராம் உள்ளதும் கிடைக்கும். 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள ஓர் இறக்கையின் கன அளவு 84 கன செ.மீ. முதல் பலகையில் வெட்டினால் எடை 6.7 கிராம். இரண்டாவதில் வெட்டினால் 13.4 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கனமான பலகையை வாங்கிவிட்டு, ராத்திரி முழுக்க உப்புத்தாள் தேய்த்து ஒரு கிராம் குறைத்ததாக மகிழ்வதில் அர்த்தமே இல்லை.

ஒரு சிறிய தராசோடு கடைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள பலகை 300 கன செ.மீ. அது 24 கிராம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துவரலாம். 48 கிராம் இருந்தால் வேறு வேலைக்கு ஆகும்.

எடை மட்டும் பார்த்தாலும் போதாது. மரத்தை அறுத்த திசையையும் பார்க்க வேண்டும். ஒரு வகைப் பலகை குறுக்கே எளிதில் வளையும். குழாய் போலச் சுருட்டவும் செய்யலாம். இன்னொரு வகையில் மேற்பரப்பு முழுக்க மீன் செதில் போன்ற புள்ளிகள் மினுங்கும். அது வளையாமல் விறைப்பாக நிற்கும். இறக்கைக்கும் வாலுக்கும் ஏற்றது இந்தப் புள்ளி போட்ட வகை. நடுத்தண்டுக்கு மட்டும் கொஞ்சம் கனமான, கெட்டியான மரம் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஆக லேசான மரம் என்று போனால், ஏவும் வேகத்தில் தண்டு வளைந்து வால் ஆடத் தொடங்கிவிடும்.

எங்கே தேய்க்கலாம், எங்கே கூடாது

இறக்கையை நுனியை நோக்கி மெலிதாக்கிக்கொண்டே போகலாம். நுனியில் எடை குறைந்தால் கிளைடர் சாய்ந்தாலும் சீக்கிரம் நிமிரும். பின் விளிம்பைக் காகிதம் போலத் தேய்க்கலாம். ஆனால் இரண்டு இறக்கைகளும் சேரும் நடுப்பகுதியில் கை வைக்கக் கூடாது. ஏறும்போது வளைக்கும் விசை முழுவதும் வந்து நிற்பது அங்கேதான்.

பசையும் எடைதான். பிதுங்கி வழியும் பசையால் மூட்டு பலமாவதில்லை. இரண்டு விளிம்புகளும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி தேய்த்துவிட்டு, மெல்லிய ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்று ஒட்டினால் போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பசைக்குச் சொல்லவே வேண்டாம்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு நடுவழி தேவை. முழுக்கப் பூசினால் கிராம் கணக்கில் ஏறும். ஒன்றுமே பூசாமல் விட்டாலோ வெளிர் நிறப் பால்சா மேகத்தோடு மேகமாகக் கலந்து, நேரம் பார்ப்பவரின் கண்ணுக்கே தெரியாது. கண்ணை விட்டு மறைந்தால் கடிகாரமும் நின்றுவிடும். இறக்கையின் அடியில் கறுப்பு மார்க்கரால் அகலமாக இரண்டு பட்டைகள் தீட்டினால் எடை ஏறாது, வேலையும் நடக்கும்.

இவ்வளவு செய்த பிறகும் கிளைடர் தயாராகிவிடவில்லை. காற்றில்லாத காலை நேரத்தில், புல்தரையில், கையால் மெதுவாக எறிந்து பார்த்தே ஆக வேண்டும். அலை போல ஏறி ஏறி இறங்கினால் மூக்கில் கொஞ்சம் பொம்மைக் களிமண் ஒட்ட வேண்டும். தலைகுப்புற இறங்கினால் களிமண்ணைக் குறைக்க வேண்டும். எரிந்து முடிந்த ஒரு மோட்டார் கூட்டை மாட்டிய நிலையில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அது இல்லாமல் சரிசெய்த கிளைடர் போட்டியில் வேறு கிளைடராகத்தான் பறக்கும். புதியவர்களில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மூக்கில் களிமண் ஒட்ட மனம் வராமல், "அது எடை ஆச்சே" என்று தயங்குபவர்களும் உண்டு. சரியாக மிதக்காத 20 கிராம் கிளைடரை, சரியாக மிதக்கும் 22 கிராம் கிளைடர் எப்போதும் தோற்கடிக்கும்.

அந்த அரை கிராம்

இப்போது தலைப்புக்கு வரலாம். வெயில் ஏறியதும் உழுத நிலமும் தார்ச்சாலையும் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்று குமிழ் குமிழாக மேலே எழும்பும். பருந்துகள் சிறகசைக்காமல் உயரே போவது இந்தக் காற்றில்தான். கிளைடர் விநாடிக்கு அரை மீட்டர் இறங்கக்கூடியது; ஆனால் சுற்றியுள்ள காற்று விநாடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளைடர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஏறும். 3 நிமிடத்தில் 270 மீட்டர் உயரம் கூடிவிடும். பக்கவாட்டில் காற்றும் அடித்தால் கிளைடர் போன திசையைப் பார்த்துக் கையசைக்க வேண்டியதுதான்.

இதற்குத்தான் டீதெர்மலைசர் என்ற ஏற்பாடு. குறித்த நேரம் கழித்து, மெதுவாகக் கனியும் ஒரு சிறு திரியோ, ஒரு குட்டி டைமரோ ரப்பர் பேண்டை விடுவிக்கும். வால் மேலே தூக்கிக்கொள்ளும். கிளைடர் மிதப்பதை நிறுத்தி, படுத்த வாக்கில் இலை போல இறங்கும். எளிய வடிவில் இதை அரை கிராம் அளவில் முடித்துவிடலாம்.

"அரை கிராம் ஆச்சே!" என்று இதைத்தான் பலர் முதலில் வெட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே இறக்கைக்கு, இறங்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25 கிராம் கிளைடரை 20 கிராமாகக் குறைத்தால், 60 விநாடி பறந்தது சுமார் 67 விநாடி பறக்கும். இது பெரிய லாபம்தான். ஆனால் 25 கிராமில் அரை கிராம் குறைத்தால் கிடைப்பது சுமார் 0.6 விநாடி. ஒரு விநாடி கூட இல்லை! அதற்காகப் பல நாள் உழைப்பைப் பணயம் வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

"வெற்றிக்கு விலை உண்டு. கிளைடர் தொலைந்தால் தொலையட்டும், கடிகாரம் காட்டிய நேரம் கையில் இருக்கிறதே" என்று வாதாடுபவர்கள் உண்டு. மூன்று கிளைடர் கட்டி வைத்திருக்கும் அனுபவசாலிக்கு அது பொருந்தலாம். ஆனால் சர்வதேச விதிகளில் ஒரு பறத்தலுக்குக் கணக்கில் எடுக்கும் நேரத்துக்கு உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டி வானில் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் தூரத்தைத்தான் கூட்டும், மதிப்பெண்ணைக் கூட்டாது. அடுத்த சுற்றில் அவர் தன் இரண்டாவது சிறந்த கிளைடரோடுதான் நிற்பார்.

மாணவர் போட்டிகளிலாவது ஒரு விதி கட்டாயம் இருக்க வேண்டும். பறந்த கிளைடரைக் கொண்டுவந்து நடுவரின் மேசையில் வைத்தால்தான் அந்த நேரம் செல்லும் என்ற விதி. அப்படி இருந்தால் அரை கிராமை வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. அதிர்ஷ்டக் காற்றில் சிக்கியவரும் அளந்து கட்டியவரும் யார் யார் என்பதும் தெரிந்துவிடும். தானே கட்டிய மாதிரியைத்தான் ஏவ வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் பழைய விதி. கட்டியவரே ஏவ வேண்டும் என்பதோடு, ஏவியவரே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்தால் போட்டி முழுமையாகும்.

"கார்பன் ஃபைபர் வந்தாயிற்று, இன்னும் எதற்குப் பால்சா?" என்பது இன்னொரு கேள்வி. உலக அளவில் மேல்தட்டில் கார்பனின் பலம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் கற்றுக்கொள்பவருக்குப் பால்சாதான் நல்ல வாத்தியார். அது ஒடிந்த இடத்தைப் பார்த்தாலே ஏன் ஒடிந்தது என்று தெரியும். சாயங்காலம் ஒட்டி, மறுநாள் காலை மறுபடி பறக்க விடலாம்.

மோட்டார் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்கள் என்ன செய்வது? ரசாயனம் கலந்து சொந்தமாக மோட்டார் செய்யப் போகக் கூடாது. அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் இந்த விளையாட்டே உருவானது. ஒரு பால்சா பலகை, பிளேடு, உப்புத்தாள், பசை இருந்தால் கையால் எறியும் கிளைடர் செய்யலாம். மரம் தேர்வது, தேய்ப்பது, களிமண் ஒட்டிச் சரிசெய்வது என்று மேலே சொன்ன பாடங்களில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. முதல் கிளைடரைக் கட்டி முடித்ததும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளட்டும். பக்கத்திலேயே, அது எத்தனை முறை பறந்து எத்தனை முறை வீடு திரும்பியது என்பதையும் எழுதி வரட்டும். கிளைடர் எவ்வளவு நல்லது என்பதை அந்த இரண்டாவது எண் சொல்லிவிடும்.